விதை மாத்தின அரிசி

ஐப்பசி அன்னாபிஷேகத்துக்கு எங்கள் தெருவில் அரிசி சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. கோயில் வாசலில் அண்டாவோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பெண் ஒரு பை அரிசியோடு வந்தாள். முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்த வயலில் விளைந்த குறுவை அரிசி அது.

"நல்லா விளைஞ்சிருக்குக்கா. இந்த வருஷம் விதை மாத்திட்டோம்ல," என்றாள்.

மரபணு மாற்றிய அரிசியைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்காது என்று முந்தின நாள்தான் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். தெருவில் எல்லோருக்கும் அதை அனுப்பியும் இருந்தேன்.

"மாத்தின விதையா? சாமிக்கு அதெல்லாம் ஆகாதும்மா," என்று நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்லிவிட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "விதை மாத்துறதுன்னா வேற ஊர்லேர்ந்து நல்ல விதைநெல் வாங்கிப் போடுறதுடி. எங்கப்பாவே மாத்துவாரு. நீ அனுப்பின வாட்ஸ்அப் சேதியும் புரளிதான். டவுன்ல பொறந்தவளுக்கு எங்க தெரியப்போவுது!"

உடனே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அரிசியைத் தரச் சொன்னேன். முகம் கோணாமல் கொடுத்தாள்.

"சேத்துடுங்கக்கா. நான் குடுத்ததுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் பிள்ளை வேணும்னு இருக்கிறவங்க யாரும் பிரசாதம் வாங்க மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. எல்லோரும் சாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவளும் வரிசையின் கடைசியில் நின்று வாங்கிக்கொண்டாள். பொய்யை ஊருக்கெல்லாம் பரப்பிய எனக்கு, உண்மையைச் சொல்ல மட்டும் அன்று வாய் வரவில்லை. ஈசன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்.