பூரணியின் பெயரில் விற்றவை

தம்பையா சல்லிக் கரையில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் வள்ளமொன்றைக் கரைக்கு இழுக்கும்போது அது சரிந்து இடது முழங்காலில் விழுந்தது. அதோடு கடல் போயிற்று. நகரில் ஓர்ஸ் ஹில் என்ற மேட்டில் ஓர் அலுவலகத்தில் கோப்புத் தூக்கும் வேலை கிடைத்தது. காலை இழுத்து இழுத்து முப்பது வருடமாக அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்.

ஆனால் கிழிந்த வலை பொத்திப் பழகிய விரல்கள் சும்மா இருக்கவில்லை. கலியாணமாகி வந்தபோது பூரணி ஒரு மேசை விரிப்புக் கொண்டுவந்திருந்தாள். அதை எப்படிப் பின்னியிருக்கிறார்கள் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து நூல் நூலாகப் பிரித்துவிட்டார். பூரணி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அடுத்த மாதம், ஒரு கொக்கி ஊசி வாங்கி, அதே விரிப்பைத் திரும்பப் பின்னி மேசையில் போட்டார். முன்னதைவிட வடிவாக இருந்தது.

அதன்பிறகு வேலை முடிந்து வந்தால் ஊசியும் நூலும்தான். தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் பின்னுவார். பிள்ளைகள் இல்லாத வீடு. கண்டவர் பூரணி ஒருத்திதான்.

எல்லாச் சாமானும் நெருப்பு விலை விற்ற அந்த வருடத்தில் சம்பளம் பாதி மாதத்தைத் தாண்டவில்லை. அலுமாரிக்குள் அடுக்கிக் கிடந்த விரிப்புகளையும் கைப்பைகளையும் குழந்தைத் தொப்பிகளையும் பார்த்துப் பூரணிதான் சொன்னாள், "இதை விப்பம்" என்று. நகரில் நடந்த கைப்பணிச் சந்தையில் ஒரு மேசை எடுத்தார்கள்.

முதல் நாளே அலுவலகத்துக் கிருஷாந்த் மனைவியோடு வந்துவிட்டான். அவன் தம்பையாவின் மேசையில் வேலை கொண்டுவந்து போடுகிற எழுதுவினைஞன், எதற்கும் சிரிப்பவன். மனைவி ஒரு விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன வடிவு! ஆர் பின்னினது?"

தம்பையா வாயைத் திறந்தார். கிருஷாந்தின் கண் அவருடைய கையில் இருந்தது.

"நான்தான்," என்றாள் பூரணி. "பகலில வேற என்ன வேலை?"

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் கேட்டார். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"சொல்லாட்டி, ஆம்பிளை பின்னுறாரெண்டு சிரிச்சே நாளைக்கு உங்களைக் கந்தோரில இருக்க விட்டிருப்பினமோ?"

உள்ளுக்குள் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்படித் தொடங்கிய பொய் தானாக வளர்ந்தது. யாராவது பின்னிக் காட்டச் சொன்னால் பூரணி விரலில் நோவு என்பாள். பிறகு சந்தைக்குப் போகும்போதெல்லாம் சுட்டுவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டாள். ஆனால் வியாபாரம் அவளுடையதுதான். யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கிண்ணியாவிலிருந்து வந்து பக்கத்து மேசையில் பன்புல்லில் இழைத்த பன்பை விற்ற நஜ்முன் நிஸா, "அக்காட வாய்க்கே பாதிச் சாமான் போகுது" என்பாள்.

இரண்டாம் வருடம் சிறந்த கைப்பணிப் பெண் என்று பூரணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் மேடையில் நின்றாள். தம்பையா கீழே இருந்து கைதட்டினார். வீட்டுக்கு வந்ததும் அவருக்குள் எங்கோ கிடந்த புண் வெடித்தது.

"உமக்கு மேடை. எனக்கு ஒரு நல்ல சொல்லுமில்லை."

பூரணி கொண்டையை அவிழ்த்தபடி நின்றாள். "அப்ப வாற சந்தையில நீங்களே சொல்லுங்கோ. நான் விலகி நிக்கிறன்."

அந்தச் சந்தை அவளுக்கு வரவேயில்லை. தை மாதத்து மழையில் டெங்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "என்ன கை, போயிட்டுதே" என்று அழுதார்கள். பூரணியின் தங்கை சிவரூபி, கட்டிலில் கிடந்த அரைகுறைப் பின்னலை ஊசியோடு எடுத்து நெஞ்சில் அணைத்தாள்.

"அத்தான், அக்கா கடைசியாத் தொட்டது. இதை நான் கொண்டு போகட்டோ?"

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது தம்பையா தொடங்கிய பின்னல் அது. "ஓம், கொண்டு போம்," என்றார்.

சித்திரைச் சந்தைக்கு மிச்சமிருந்த ஒன்பது துண்டுகளையும் கொண்டுபோனார். விற்க வாய் வரவில்லை. நஜ்முன் நிஸாதான் எழும்பி நின்று, "மௌத்தாப் போன பூரணியக்காட கைச் சாமான், இதோட முடிஞ்சி" என்று கூவினாள். ஒரு மணித்தியாலத்தில் மேசை வெறுமையானது.

வீட்டில் இருக்க ஏலாமல் இருந்தது. புது ஊசி வாங்கினார், திரும்பப் பின்னினார். ஆவணியில் வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் பதினொரு துண்டுகளோடு போய் நிஸாவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தார். அவள் ஒரு விரிப்பை எடுத்து மணந்து பார்த்தாள்; புது நூல் வாசம்.

"தம்பையாண்ணன், முடிஞ்சி எண்டு நான்தானே சொல்லி வித்தன். இது எங்கால வந்த?"

"நான் பின்னினது."

"இது மட்டுமா?"

"எல்லாம் நான்தான். அவவுக்கு ஒரு முடிச்சுப் போடவும் தெரியாது."

அவள் நம்பவில்லை. அவர் நூலை எடுத்து அவள் முன்னாலேயே பின்னினார். நிஸா விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பூ விரிந்து முடிந்தது.

"விரல் நோவுதெண்டு அக்கா சொன்னா," என்றாள் மெல்ல. "நான் கருஞ்சீரக எண்ணெய் கொண்டந்து குடுத்தனே. என் முன்னாலேயே தேய்ச்சிக்கிட்டாவே."

"எனக்காகச் சொன்ன பொய், நிஸா. ஆக்கள் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாதெண்டு."

"இப்ப எல்லாருக்கும் சொல்லப் போறீங்களா? சொன்னா ஒங்களச் சிரிக்கமாட்டாங்க, அண்ணன். மௌத்தானவவத்தான் கள்ளி எண்டு சொல்லுவாங்க."

அப்போது காவடி பார்த்து வந்த ஒரு பெண் குனிந்து கேட்டாள். "பூரணியக்கான்ர சாமான் இன்னும் இருக்கோ?"

தம்பையா சாக்கின் ஓரத்தை இழுத்துத் துண்டுகளை மூடினார்.

"இல்லை, பிள்ளை. முடிஞ்சுது."

அன்று மத்தியான பஸ்ஸிலேயே திரும்பினார். அதன்பிறகு அவர் எந்தச் சந்தைக்கும் போகவில்லை. பின்னுவதை விட மட்டும் முடியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை நிஸா வருவாள். அவர் பின்னி வைத்ததைப் பன்பைகளோடு சேர்த்துக் கொண்டுபோய், யார் பின்னியது என்று சொல்லாமல் விற்பாள். பூரணியின் பெயரில் கிடைத்த விலை இப்போது கிடைப்பதில்லை.

போன மாதம் அவர் கேட்டார். "வாங்கிறவை என்ன சொல்லினம்?"

"ஒண்டும் சொல்றல்ல, அண்ணன். வெலைய மட்டும்தான் கேக்காங்க."

தம்பையா தலையை ஆட்டிவிட்டு, பொதியைக் கட்டிக் கொடுத்தார்.