முந்திரிக்காட்டுத் திருப்பத்துக்கு இரண்டு விளக்கு

என் பைக்கின் முன்விளக்கைப் பார்த்து எங்கள் தெருக்காரர் ஒருவர், “வண்டி பீடி குடிச்சுக்கிட்டு வருதுய்யா” என்பார். அவ்வளவுதான் அதன் வெளிச்சம். நானும் சிரித்துக்கொள்வேன். மகளுக்குப் புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை வேலை கிடைத்த பிறகுதான் சிரிப்பு குறைந்தது. இருட்டிய பிறகு ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்குவாள்; நான் போய்க் கூட்டி வருவேன். வழியெல்லாம் முந்திரிக்காடு, தெருவிளக்கு கிடையாது. ஒருநாள் திருப்பத்தில் பள்ளம் தெரியாமல் இருவரும் மண்ணில் உட்கார்ந்தோம். அடி ஒன்றுமில்லை. ஆனால் அவள் சொல்லிவிட்டாள்:

“அப்பா, நல்ல லைட்டா போடுங்க. இல்லைன்னா நான் அங்கேயே ஹாஸ்டல்ல சேந்துக்கிறேன்.”

அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி அடுப்படியில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் மிக்ஸியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவன் நான். கை சும்மா இருக்குமா? இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒயர், ஃபியூஸ், சுவிட்ச் வாங்கினேன். ஆயுத பூஜையன்று காலையில் வண்டியைக் கழுவி, சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்துப் பெயிண்டைப் பளபளவென்று சுரண்டி வைத்தேன். எர்த் ஒயர் அங்கேதான் உட்கார வேண்டும். கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழி அது. அதற்குள் பூஜை நேரமாகிவிட, மிச்சத்தை மறுநாளைக்கு விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. ஃபியூஸை மாற்றினேன். ஊஹூம். மகள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள்.

“என்னப்பா, இதுவும் பீடி கேக்குதா?”

“சாயங்காலம் வந்து பாரு, தெரியும்.”

“பாக்குறேன். ஹாஸ்டல்ல இன்னைக்குள்ள சொல்லச் சொல்லியிருக்காங்க.”

மினிபஸ் வந்தது, போய்விட்டாள்.

விளக்குகளை நேராகப் பேட்டரியில் வைத்தால் எரிகின்றன. வண்டியோடு சேர்த்தால் இல்லை. கடைசியில் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. மோந்து பார்த்தால் சந்தனம். நடுவில் குங்குமம் வேறு. அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன்.

“ஏ புள்ள, இங்கிட்டு வா. இதுல பொட்டு வச்சியா?”

“வச்சேன். சக்கரம், டேங்கு, ஸ்பேனரு எல்லாத்துக்கும்தான் வச்சேன். இது மட்டும் புதுசா மின்னிக்கிட்டு இருந்துச்சு, விடுவாங்களா?”

“நல்லா வச்ச! காஞ்ச சந்தனம் கரண்ட்டப் போக விடாமல்ல நிக்குது!”

“பாத்துப் பூட்டக் கூடாதா நீங்க? கண்ணாடி போடாம வேலை பாத்தா இப்படித்தான்.”

சொல்லிக்கொண்டே முந்தானையால் துடைக்க வந்துவிட்டாள். நான் உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கிச் சுவிட்சைத் தட்டினேன். பட்டப்பகலிலும் எதிர்ச்சுவர் வெளுத்தது. “ஆத்தாடி!” என்று கன்னத்தில் கைவைத்தாள். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி இரண்டையும் தரை பார்க்கத் திருப்பினேன்.

அன்று மாலை மகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். திருப்பத்துப் பள்ளம், அதில் கிடந்த காய்ந்த இலை வரைக்கும் தெரிந்தது. பின்னாலிருந்து போன் பேசும் குரல்: “அக்கா, எனக்கு ரூம் வேணாங்க்கா.” நான் காதில் விழாதவன் போல ஓட்டினேன்.

வாசலில் இறங்கும்போதே தோசை வாசம்.

“நாங்க வர்றது எப்படிம்மா தெரியும்?” என்றாள் மகள்.

“காட்டுத் திருப்பத்துல வெளிச்சத்தப் பாத்ததுமே தோசைக்கல்லக் காய வச்சுட்டேன். கை கழுவிட்டு வா.”