ஒரு கொக்கி எப்போதும் மாட்டியிருக்கட்டும்

உயரத்தில் வேலை செய்பவரைக் கீழே நின்று கண்காணிப்பது கழுத்து வலிக்கும் தொழில். வாய் வலிக்கும் தொழிலும்கூட. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என்னை, திருச்சியில் அடுக்குமாடிகளுக்கு வெளிப்பூச்சு ஒப்பந்தம் எடுக்கும் என் மகள், தன் பணியிடங்களின் பாதுகாப்பு மேற்பார்வைக்கு அமர்த்திக்கொண்டாள். உரிய பயிற்சியை முறையாகப் பெற்ற பிறகே பொறுப்பேற்றேன். “நீ ஒரு தடவை சொன்னா எல்லாரும் கேப்பாங்கம்மா” என்பது அவளுடைய கணிப்பு. இதே வேலையைப் பார்க்கும் அன்பர்களே, ஒரு தடவை சொல்லி எவரேனும் கேட்டதுண்டா?

ஈர வேட்டி

ரெங்கன் துறையூர்க்காரர். சுவரில் திட்டுத் தெரியாமல் வண்ணம் அடிப்பதில் எங்கள் குழுவில் அவருக்கு இணை இல்லை. அவருடைய மனைவி கலா கீழே வண்ணம் கலக்குவார். கணவர் சாரத்தில் ஏறிவிட்டால் கலாவின் கண் வாளியில் பாதி, வானத்தில் பாதி. ரெங்கனுக்கோ உடலில் பூட்டும் பெல்ட்டும் அதிலிருந்து நீளும் கயிறுமே பகை. கயிற்றின் முனையில் இரண்டு கொக்கிகள் உண்டு. இடம் மாறும்போது ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்ற வேண்டும். மாட்டும் இடம் தலைக்கு மேலே இருக்க வேண்டும்; ஆள் விழுந்தாலும் அசையாததாக இருக்க வேண்டும். இவை வேண்டுகோள்கள் அல்ல, கட்டளைகள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு குடியிருப்பின் நான்காம் மாடியில் ரெங்கன் என் கட்டளைக்குப் பணிந்தார். கொக்கியை மாட்டினார், பால்கனியில் துணி உலர்த்தும் கம்பியில் மாட்டினார். “மாட்டியாச்சு டீச்சர், நல்லாப் பாத்துக்குங்க!” என்று மேலிருந்து கூவினார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வீட்டு மாமி வெளியே வந்து கொக்கியை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்ப்பா, அந்தக் கம்பி எங்காத்து மாமாவோட ஈர வேஷ்டிக்கே வளைஞ்சு தொங்கறது, உன்னை எங்கேர்ந்து தாங்கப் போறது?”

வாளி தூக்கிய கயிறு

காலையில் ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். வெட்டு, தீய்ந்த தடம், பிரிந்த தையல், சரியாக மூடாத கொக்கி ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தக் கயிறு அன்று மேலே ஏறாது. ஒருநாள் ஒரு கயிறு வண்ணம் காய்ந்து விறைத்திருந்தது. விசாரித்தேன். அதில் வாளியைக் கட்டி மேலே இழுத்தவர் மேஸ்திரி ஆரோக்கியசாமியே. “கயிறுன்னா இழுக்கத்தானே டீச்சர்?” என்றார். “இந்தக் கயிற்றுக்கு ஒரே வேலைதான், அது வாளியைக் காப்பது அன்று” என்று கூறி அதை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை மறுபடி முதலிலிருந்து தடவத் தொடங்கினேன். மேஸ்திரி பெருமூச்சு விட்டார்.

“எங்கம்மாகூட என் தலையில இப்படிப் பேன் பாத்ததில்ல டீச்சர்.”

அந்தரத்திலிருந்து ஒரு குரல்

காட்டூரில் வேலை நடந்தபோது, மழை ஓய்ந்து நன்கு காய்ந்துவிட்டது என்று நாங்கள் நம்பிய ஒரு காலையில், ஜன்னல் மேல்தளத்தின் ஓரத்துப் பாசியில் ரெங்கனின் கால் வழுக்கியது. கலாவின் கையிலிருந்த கோல் வாளிக்குள் விழுந்தது.

ரெங்கன் அப்போது இடம் மாறிக்கொண்டிருந்தார். ஒரு கொக்கி கையில் இருந்தது. மற்றொன்று தலைக்கு மேலே கான்கிரீட்டில் பதித்த இரும்பு வளையத்தில் மாட்டியிருந்தது. கயிற்றில் மடித்துத் தைத்த சிறிய பொதி ஒன்று உண்டு. அது தையல் பிரிந்து நீண்டு, விழுந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டது. பெல்ட்டில் நெடுநேரம் தொங்குவதும் ஆபத்து என்பதால், நாங்கள் முன்பே பழகியிருந்தபடி மேஸ்திரி மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக அவரை விரைந்து உள்ளே இழுத்துக்கொண்டார். மருத்துவமனையிலும் காட்டினோம், தோளில் கன்றிய தடம் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால், மேஸ்திரியின் கை எட்டுவதற்கு முன், அந்தரத்தில் ஆடியபடியே ரெங்கன் என்னைப் பார்த்துக் கூவியதைத்தான் என் மகள் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“டீச்சர், கொக்கி மாட்டித்தான் இருக்கேன், திட்டிடாதீங்க!”

பூச்சூடிய கயிறு

விழுந்தவரைத் தாங்கிய கயிற்றை மறுபடி பயன்படுத்தலாகாது. வெட்டி எறிய வேண்டும். அன்று மாலை அதற்காகவே தேடினேன், காணவில்லை. சில நாள் ஓய்வுக்குப் பின் ரெங்கன் வேலைக்குத் திரும்பியபோது அது அவர் தோளில் இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. கலா அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று சாமி படத்தின் முன் வைத்திருக்கிறார். “ராசியான கயிறு டீச்சர். இது இருக்கறப்ப எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் ரெங்கன். “அடுத்து எனக்குக் குடுப்பா” என்று மேஸ்திரியும் வரிசையில் நின்றார்.

நான் வற்புறுத்தினேன். “உசுரைக் காப்பாத்தினதை வெட்டுறது பாவங்க” என்று ரெங்கன் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை. கலாவை அருகே அழைத்து, மல்லிகையை விலக்கி, கிழிந்து தொங்கிய பொதியை அவர் விரலால் தொடச் செய்தேன். “தன்னிடம் இருந்ததையெல்லாம் அன்றே கொடுத்துவிட்டது, அம்மா. இன்னொரு முறை கொடுக்க இதனிடம் ஒன்றும் இல்லை.”

கலா அந்த நூல் பிசிறுகளை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சரத்தை அவிழ்த்துத் தம் கூந்தலில் சூடிக்கொண்டார்; கயிற்றைக் கணவரிடமிருந்து பிடுங்கிக் கண்ணில் ஒற்றினார்; மேஸ்திரியின் கத்தியை வாங்கித் தாமே இரண்டாக அறுத்தார்.

“கும்புட்டது போதும், இவரு சாயங்காலம் வீட்டுக்கு வரணும், புதுசு எடுத்துக் குடுங்க டீச்சர்.”

மாலையில் எல்லோரும் தத்தம் கால்களால் நடந்து, பேருந்து நிறுத்தம் வரையில் என்னைக் குறைகூறிக்கொண்டே செல்வதைக் காது குளிரக் கேட்பதுதான் இந்தப் பணியில் எனக்குக் கிடைக்கும் நல்லாசிரியர் விருது.