ரெஜினால்ட் வீட்டுப் பிரிட்ஜ்

குருபோங் ஊரில் பிரிட்ஜ் பழுதுபார்ப்பவள் நிர்மலாதேவி. மூன்று வருடங்களுக்கு முன், வாடிக்கையாளரின் பிரிட்ஜில் இருந்த மின்சுற்றுப் போர்டை எரித்துவிட்டு, பழியை அவள்மேல் போட்டு முதலாளி அவளைக் கடை வேலையிலிருந்து துரத்தும்படி செய்தவன், அப்போது உடன் வேலைபார்த்த ரெஜினால்ட். அதை அறியாத அவன் மனைவி ரோசலின், வீட்டுப் பிரிட்ஜ் குளிரவில்லை என்று அவளையே அழைத்துவிட்டாள்.

நிர்மலா மீட்டர் வைத்துப் பார்த்தாள். மோட்டாரில் குறையில்லை, போர்டுதான் கருகியிருந்தது. முந்தின நாள் ரெஜினால்டே மாட்டிய புது போர்டு என்றாள் ரோசலின். ஒயர்களை இடம் மாற்றிச் செருகியிருந்தான். நிர்மலா பக்கத்தில் நின்ற ரெஜினால்டிடம் திரும்பினாள்.

"அன்னிக்கும் இப்படித்தானே மாட்டுனீங்க, அண்ணே? முதலாளிக்குப் போன் போட்டு உண்மையச் சொல்லுங்க. அப்புறம்தான் வேற போர்டு மாட்டுவேன்."

"அது பழைய கதை லா."

"எனக்கு இல்ல."

ரோசலின் போனைக் கணவன் கையில் திணித்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகே நிர்மலா போர்டை மாற்றினாள். மோட்டார் ஓடியது. அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.