கதிரவேலின் எஞ்சினில் ஒரு எட்டு

சாம்பல்தீவுக் கதிரவேலுக்குக் கடலில் பயம் கிடையாது. பயமெல்லாம் கூட்டல் கணக்கில்தான். அதுவும் மனைவி பத்மாசனி கூட்டும் கணக்கில். வீட்டுக்கு எது வந்தாலும் முதலில் அதிலுள்ள இலக்கங்களைக் கூட்டுவார். எட்டு வந்தால் அந்தப் பொருள் முற்றத்தைத் தாண்டாது. ஒருமுறை ஒரு பிரிட்ஜ் அப்படியே திரும்பிப் போனது.

இந்தத் தடவை வந்தது படகு எஞ்சின். அதில் பொறித்திருந்த இலக்கம் 2705813. கூட்டினால் இருபத்தாறு, இரண்டும் ஆறும் எட்டு.

"இஞ்சேருங்கோ, இதோட கடலுக்குப் போக நான் விடமாட்டன்."

"கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டானாம், பத்மா."

"அப்ப கரையிலேயே கிடக்கட்டும்."

கிடந்தது. மீன் படுகிற காலம் கதிரவேலைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரஜீவனின் எஞ்சின் இலக்கமோ கூட்டினால் ஒன்பது. அந்த இலக்கத்தைப் படகின் பக்கத்தில் சிவப்புப் பெயின்ற்றால் எழுதியிருந்தான். சூரை மீனோடு கரைக்கு வரும்போதெல்லாம், "எல்லாம் ஒன்பதின்ர வேலை, அக்கா" என்று பத்மாசனியின் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவான்.

வேலையில்லாத கதிரவேல் எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்து இலக்கத்தை நோண்டத் தொடங்கினார். மூன்றால் பிரித்தார், இரண்டு மிஞ்சியது. ஒன்பதால் பிரித்தார், எட்டு மிஞ்சியது. கூட்டினாலும் எட்டு, பிரித்தாலும் எட்டா? எரிச்சலில் அந்த இருபத்தாறையே இலக்கத்திலிருந்து கழித்தார். 2705787. கூட்டினால் முப்பத்தாறு. மூன்றும் ஆறும்...

பத்மாசனி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினார். "பத்மா, எங்கட எஞ்சினுக்குள்ள ஒன்பது ஒளிச்சிருக்கு!"

பத்மாசனி நம்புவதற்கு முன் சோதிப்பவர். கரண்ட் பில்லின் இலக்கத்தில் அதன் கூட்டுத்தொகையைக் கழித்து, மிஞ்சியதைக் கூட்டினார். ஒன்பது. தங்கச்சியின் போன் இலக்கத்தில் கழித்தார். ஒன்பது. காஸ் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் அதுவே.

"எல்லாத்துக்குள்ளயும் இருக்கே! இதென்ன புதினம்?"

கதிரவேலின் முகம் தொங்கியது. உண்மையில் அதிசயம் எதுவும் இல்லை. இலக்கங்களைக் கூட்டும்போது பத்தும் நூறும் வெறும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். பத்தில் ஒன்றை எடுத்தால் ஒன்பது. நூறில் ஒன்றை எடுத்தால் தொண்ணூற்றொன்பது. ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் அதே கதை. எந்த எண்ணிலும் அதன் கூட்டுத்தொகையைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்பதுகளின் கும்பல்தான். அதிர்ஷ்டத்தை இவ்வளவு மலிவாகப் பங்கிட்டால் யார்தான் மதிப்பார்கள்?

பத்மாசனி அதற்குள் வேலியடிக்குப் போய்விட்டார்.

"தம்பி ரஜீவன், உன்ர ஒன்பது என்ன பெரிய ஒன்பது? எங்கட காஸ் சிலிண்டருக்குள்ளயும் இருக்கு!"

"என்ன கதை கதைக்கிறீங்கள், அக்கா?"

"உன்ர வீட்டுச் சிலிண்டரையும் கழிச்சுப் பார்."

ரஜீவன் கழித்துப் பார்த்தான். அங்கேயும் ஒன்பதுதான்.

பத்மாசனி மலர்ந்த முகத்தோடு திரும்பினார். "ஏன் இன்னும் குந்திக்கொண்டிருக்கிறியள்? எஞ்சினைப் பூட்டுங்கோ."

"அப்ப எட்டு?"

"அவன்ர ஒன்பதுக்கே விசேஷம் இல்லையெண்டால், எங்கட எட்டுக்கு என்ன குறை?"

மறுநாள் கதிரவேல் கடலுக்குப் போனார். படகின் பக்கத்தில் சிவப்புப் பெயின்ற்றில், ரஜீவனுடையதைவிடப் பெரிய எழுத்தில், கழித்துக் கிடைத்த அந்த 2705787-ஐ எழுதி, அது காய்ந்த பிறகுதான் பத்மாசனி விட்டார்.