சந்தனத்துக்கு அடியில் இருந்த எழுத்து

நாலு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்த மறுநாள் நடந்தது இது. பெரம்பலூரில் இருந்துகொண்டு நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் எடைமேடை ஆபீஸில் கம்ப்யூட்டர் எதுவும் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. போனால், வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார்.

பூஜைக்காக எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர்களை இணைக்கும் ரவுட்டர் பெட்டிக்கும் தாராளமாகச் சந்தனம், குங்குமம். அதன் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு துளைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று, நம் லேப்டாப்பைச் செருகி ரவுட்டரோடு நேரடியாகப் பேச. இன்னொன்று, வெளியூரிலிருந்து போன் லைன் வழியாகப் பேசுவதற்கு மோடத்தைச் செருக. எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும் என்ற திமிரில் கேபிளைச் செருகினேன். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டு, "தண்ணி எறங்கிருக்கு சார், பெட்டி போயிடுச்சு" என்றேன்.

துடைத்தது, அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா. "காஞ்ச துணியாலதாங்க தொடச்சேன். லைட்டுகூட எரியுதுங்களே சார்" என்றார். "உங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று வாயை அடைத்தேன். மேனேஜர் அங்கேயே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அப்புறம் பெட்டியைக் கழற்றும்போது நகம் பட்டு, பின்பக்கத் துளையருகே அப்பியிருந்த சந்தனம் உதிர்ந்தது. நான் செருகியிருந்தது மோடத்துக்கான துளை என்று அடியில் தெளிவாக எழுதியிருந்தது. கேபிளை மாற்றியதும் திரையில் எழுத்துகள் ஓடின. உள்ளே பார்த்தால் அதைவிடக் கேவலம். போன தடவை நான் மாற்றிய செட்டிங்கை நானே சேமிக்காமல் போயிருக்கிறேன். பூஜைக்கு அணைத்ததும் அது அழிந்துவிட்டது. அஞ்சு நிமிஷ வேலை, முடித்துவிட்டேன். "செத்த பெட்டியையே எழுப்பிட்டீங்களே!" என்று மேனேஜர் தட்டிக்கொடுத்தார். பிழைப்பு போய்விடுமே என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ச்சீ, நானும் ஒரு மனுஷன்!

போன வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாதான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நல்லாருக்கீங்களா சார்? அந்தப் பொட்டி சரியாயிடுச்சுங்களா? தண்ணி படலன்னுதான் நெனச்சேன். என்னை அறியாம பட்டுருக்கும்போல" என்றார். "சரியாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, வராத பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் எந்தப் பெட்டியானாலும் எழுத்தைத் துடைத்துப் படித்த பிறகே கேபிளைச் செருகுகிறேன். ஆனால், செய்யாத தப்பைத் தன் தப்பு என்று நம்பிக்கொண்டிருக்கிற அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.