கல்லாற்றுக் கூவல்

கடையைத் திறப்பதற்கு முன் சுசீலாபாய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறார். கல்லாற்றங்கரையில் சாயாவும் பழம்பொரியும் விற்பவருக்குத் தொண்டையைப் பற்றி என்ன இத்தனை கவலை என்று கேட்டேன். "வேணும் சாரே. ஒரு ஆளு வரவேண்டியதிருக்கு" என்றார்.

கதை பழசு. இருபது வருடங்களுக்கு முன், கடைக்குப் பின்னாலிருந்த ரப்பர் ஷீட் கொட்டகையில் திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பையன்கள் சிலர் ஒரு ராக் ஆல்பம் பதிவுசெய்தார்கள். ஆல்பம் முழுக்க ஒரே கதைதான்: ஆற்றில் மூழ்கிச் செத்த ஒருவன் தன் வீட்டைத் தேடி நடக்கிறான். கடைசிப் பாட்டு வரைக்கும் வீடு வந்து சேருவதில்லை. ஒரு பாட்டின் நடுவே, பழக்குலையில் கை வைத்த குரங்கைத் துரத்த சுசீலாபாய் போட்ட நீண்ட கூவலும் பதிவாகிவிட்டது. மறுபடி வாசிக்கச் சோம்பல்பட்டுப் பையன்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நகரத்து விமர்சகர் நாகேஸ்வரன் எழுதினார்: "துருப்பிடித்த கிணற்றுக் கப்பி போல ஒரு பெண் கத்துகிறாள். அதுவரை இழுத்துக்கொண்டிருந்த ஆல்பத்தின் உயிர் அங்கே போய்விடுகிறது." ஆல்பம் விற்கவில்லை. அதைப் பற்றி சுசீலாபாய்க்கு ஒன்றுமில்லை. ஆனால் கணவர் வேலாயுதன் அந்த வரியைப் படித்துக்காட்டிய நாளோடு சுசீலாபாய் கூவுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் எண்ணெய் டின்னைத் தட்டித்தான் குரங்கு விரட்டல். டின் சத்தம் கேட்டால் பழம்பொரி தயார் என்று குரங்குகள் எடுத்துக்கொண்டன.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. ஆல்பம் இணையத்தில் ஏற, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்து ஐடி இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதே நாகேஸ்வரன் போன வருடம் எழுதினார்: "இருண்ட காவியம். சாவே வந்து மனிதனைக் கூப்பிடும் அந்தப் பெண்குரல்தான் அதன் உச்சம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்குகள் வந்து நிற்கின்றன. "ஒரே ஒரு தடவ, அம்மச்சி" என்று கெஞ்சுகிறார்கள். சுசீலாபாய் மசிவதில்லை. "கப்பின்னு எழுதின ஆளு வந்து, அது தப்பாக்கும்னு என் மொகத்தப் பாத்துப் பறயட்டு. பொறவு கூவுதேன்." கொப்பளிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். எனக்கும் அவர் கேட்பது நியாயமாகவே படுகிறது. ரோஷம் பாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியதா என்ன?

போன ஞாயிறு நாகேஸ்வரனே வந்தார். இளைஞர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழம்பொரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குரலின் ஆழத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். சுசீலாபாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ, மொதல்ல எழுதினது தப்புதானே?" என்றார்.

"தப்புன்னு சொல்ல முடியாதும்மா. அன்னிக்கு அது சரிதான். கேக்கற காதுதான் இப்போ மாறியிருக்கு."

அந்த நேரம் பார்த்து ஒரு தடியன் குரங்கு கூரையிலிருந்து இறங்கி அவர் தட்டை நோக்கி வந்தது. செல்போன்கள் உயர்ந்தன. எல்லோரும் சுசீலாபாயின் வாயையே பார்த்தார்கள். நாகேஸ்வரன் கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

சுசீலாபாய் குலையில் நன்றாகக் கனிந்த பழமாகத் தேடிப் பிய்த்து, தோலை உரித்து, குரங்கிடம் நீட்டினார்.